பரிசலில் ஏறியவள்

நான் அப்போது எழுதிக்கொண்டிருந்த தொடர்கதையின் நாயகி யாரிடமும் எதையும் கேட்காதவள். அதுதான் அவளுடைய வீரம் என்று நான் நம்பினேன். படித்தவர்களும் அப்படித்தான் நம்பினார்கள்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. டொராண்டோவில் இருந்த தமிழ்க் குடும்பங்களில் எனக்குத் தெரிந்தவை எல்லாம் ஒரு தேவாலயத்தின் நிலவறைக் கூடத்துக்குள் அடங்கிவிடும். பொங்கலுக்கும் சித்திரைப் பிறப்புக்கும் அங்கேதான் கூடினோம். பாதிப் பேர் யாழ்ப்பாணம், கொழும்பு. மீதிப் பேர் என்னைப் போலத் தமிழ்நாடு. அந்தக் கூட்டத்திலிருந்து ஒரு மாதப் பத்திரிகை வந்தது. தமிழ்த் தட்டச்சு யந்திரம் யாரிடமும் இல்லாததால் மெழுகு பூசிய ஸ்டென்சில் தாளில் ஒருவர் கூர்முனையால் கீறிக் கீறி எழுதுவார். அதை உருளையில் மாட்டிக் கைப்பிடியைச் சுற்றினால் பிரதிகள் விழும். மை காய்வதற்கு முன் அடுக்கிவிட்டால் ஒரு பக்கத்தின் எழுத்து அடுத்த பக்கத்தின் முதுகில் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பத்திரிகையில்தான் என் கதை வந்தது.

கொள்ளிடக் கரையில் ஒரு கிராமம். கணவன் விட்டுப்போன ஒருத்தி, இரண்டு பிள்ளைகள், இரண்டு மாடுகள். பால் ஊற்றிப் பிழைக்கிறாள். ஊர்ப் பண்ணையார் அவளைத் தேங்காய் திருடியதாகக் கூட்டத்தின் நடுவே வைத்துப் பேசிவிட்டார். அன்றிலிருந்து அவள் அவர் வீட்டுப் பக்கம் திரும்புவதில்லை. உதவ வந்த மற்றவர்களையும் கும்பிட்டு அனுப்பிவிடுவாள். ஒவ்வொரு மாதமும் அவளுக்கு ஒரு கஷ்டம் கொடுத்தேன். ஒவ்வொரு மாதமும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினாள். கூட்டங்களில் என்னைப் பார்க்கும் ஆண்களும் பெண்களும், அவள் விட்டுக்கொடுக்கவே கூடாது என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொல்வார்கள். எனக்குத் தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிருந்தது.

நாங்கள் செயின்ட் ஜேம்ஸ் டவுனில் ஓர் உயரமான கட்டடத்தில் குடியிருந்தோம். நான் ஓர் இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் குமாஸ்தா. என் கணவருக்கு அந்தக் குளிர்காலம் வடக்கே ஒரு சுரங்க ஊரில் வேலை. பஸ்ஸில் போனால் கிட்டத்தட்ட ஒரு நாள் போய்விடும். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வார். எல்லாம் சௌகரியமா என்று கேட்பார், சௌகரியம்தான் என்பேன். உண்மையில் அப்படித்தான் இருந்தது. தனியாக இருப்பது எனக்குப் பிடித்தும் இருந்தது. வேலை முடிந்து வந்து, சாதம் வைத்துவிட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதுவேன்.

ஜனவரியில் ஒரு காலை, ஷெர்போர்ன் தெருவில் ஸ்ட்ரீட்கார் என்கிற டிராம் வண்டிக்கு நடந்து போகும்போது வழுக்கி விழுந்தேன். மேலே பொடிப் பனி, அடியில் கண்ணாடி மாதிரி உறைந்த ஐஸ். வலது கையை ஊன்றிக்கொண்டு விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது. ஆஸ்பத்திரியில் முழங்கை வரை மாவுக்கட்டுப் போட்டார்கள். விரல் நுனிகள் மட்டும் வெளியே தெரிந்தன. விரல்கள் வீங்கினாலோ, நிறம் மாறினாலோ, மரத்துப்போனாலோ உடனே வரவேண்டும் என்று டாக்டர் சொன்னார். வீட்டில் உதவிக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். எல்லாரும் இருக்கிறார்கள் என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று அப்போது யோசிக்கவில்லை. என் நாயகி சொல்லியிருக்கக்கூடிய பதில் அது. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் ஒருவிதப் பெருமைகூட வந்தது. நான் எழுதுவது வெறும் கதை இல்லை, என்னாலும் முடியும் என்று காட்டப்போகிறேன் என்று தோன்றியது. யாருக்குக் காட்டப்போகிறேன் என்று தெரியாது. வீட்டில் வேறு யாரும் இல்லை.

அலுவலகத்தில் விடுப்புக் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கணவர் போன் செய்தபோது வழக்கம்போலச் சௌகரியம் என்றேன். குக்கர் மூடியை ஒரு கையால் பூட்ட முடியவில்லை. பாத்திரத்தில் சாதம் குழையக் குழைய வைத்தேன். ஊறுகாய்ப் பாட்டிலை இரண்டு முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு திருகினேன். அது திறந்து என் மேலேயே கொட்டியது. வெங்காயம் கத்திக்குக் கீழே நழுவி ஓடிக்கொண்டே இருந்தது. எனக்கு அப்போது இடுப்பு வரைக்கும் முடி. இடது கையால் சீப்பை இழுத்தால் சிக்கு இன்னும் இறுகியது. இரண்டாம் வாரத்தில் பின்தலை முழுவதும் ஒரே சடைக்கட்டி. கத்தரிக்கோலை எடுத்து வெட்டிவிடலாம் என்று பார்த்தேன். இடது கையில் கத்தரிக்கோலும் வெட்டவில்லை.

இதையெல்லாம் தாங்கினேன். தாங்குவது சுலபமாகவே இருந்தது என்பதை இங்கே சொல்ல வேண்டும். சின்ன வயதிலிருந்தே பழக்கம். பெண் பிள்ளை முகம் சுளிக்காமல் இருந்தால் எங்கள் வீட்டில் கெட்டிக்காரி என்பார்கள். கஷ்டமாக இருந்தது ஒன்றே ஒன்று: எழுத முடியவில்லை. இடது கையால் முயன்றேன். எழுத்துகள் எறும்பு மிதித்துப் போனது மாதிரி வந்தன, எனக்கே படிக்கத் தெரியவில்லை. அடுத்த அத்தியாயம் கொடுக்க வேண்டிய நாள் கடந்துபோனது.

அதனால்தான் பத்திரிகைக்கு ஸ்டென்சில் எழுதும் பெண்மணி என் வீட்டுக் கதவைத் தட்டினார்.

அவர் அதே கட்டடத்தில் சில மாடிகள் கீழே இருந்தார். ஏறக்குறைய என் வயது. யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் படிப்பித்தவர். இங்கே ஸ்படைனா பக்கம் ஒரு தையல் தொழிற்சாலையில் காலை வேலை. அவர் கணவர் கணக்கியல் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண்மணியின் கையெழுத்து அச்சுக் கோத்தது போல இருக்கும். பத்திரிகை முழுவதும் அந்தக் கையெழுத்துத்தான். நான் ‘டொராண்டோ’ என்று எழுதிக் கொடுப்பதை அவர் ஒவ்வொரு மாதமும் ‘ரொறன்ரோ’ என்று மாற்றிவிடுவார். அதைப் பற்றி ஒருமுறை கேட்டேன். கூர்முனையைப் பிடிக்கிறவர் சொல்வதுதான் செல்லும் என்றார். அதற்கு மேல் எங்களுக்குள் பெரிய பேச்சு இருந்ததில்லை.

வாசலில் நின்று என் கட்டையும், என் தலையையும், நைட்டியில் இருந்த ஊறுகாய்க் கறையையும் பார்த்தார். எப்போது விழுந்தேன் என்று கேட்டார். சொன்னேன். ஒரே கட்டடத்தில் இருந்துகொண்டு இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே என்று அவர் ஆச்சரியப்படவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. உள்ளே வந்து தேங்காய் எண்ணெய் எங்கே என்று கேட்டார். என்னை நாற்காலியில் உட்கார வைத்து, எண்ணெய் தடவி, சிக்கை நுனியிலிருந்து ஒவ்வொரு இழையாகப் பிரித்தார். நெடுநேரம் ஆனது. வலித்தது, நான் சத்தம் போடவில்லை. வலித்தால் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் எங்கே இழுக்கக்கூடாது என்று தனக்கு எப்படித் தெரியும் என்று கடிந்துகொண்டார். இறுக்கமாக ஒரு பின்னல் போட்டு முடித்த பிறகு, மேசையில் இருந்த தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார்.

“சொல்லுங்கோ. நான் எழுதிறன்.”

வாயால் கதை சொல்லி எழுத வைப்பது எனக்குப் பழக்கமில்லை. முதலில் கூச்சமாக இருந்தது, பிறகு வேகம் வந்தது. அந்த மாதம் வெள்ளம். கொள்ளிடம் கரை உடைத்துக்கொண்டு ஊருக்குள் வருகிறது. மாடுகளை அவிழ்த்துவிட்டு, பிள்ளைகள் இரண்டையும் கூரை மேல் ஏற்றிவிட்டு, தானும் ஏறுகிறாள். இரண்டு நாள் மழை. குடிக்கத் தண்ணீர் இல்லை. மூன்றாம் நாள் ஒரு பரிசல் வருகிறது.

பரிசல் என்றால் என்ன என்று அவர் கேட்டார். பெரிய கூடை மாதிரி வட்டமாக, மூங்கிலால் பின்னி, தோல் போர்த்தியது. கழியால் தள்ளுவார்கள் என்றேன். தலையாட்டிவிட்டு எழுதினார்.

பரிசலில் பண்ணையாரே உட்கார்ந்திருக்கிறார். ஏறு என்கிறார். அவள் அவரைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, நீங்கள் போங்கள் என்கிறாள். பரிசல் போய்விடுகிறது. அவள் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்காருகிறாள். அத்தியாயம் முடிகிறது. சொல்லி முடித்துவிட்டு அவர் பாராட்டுக்குக் காத்திருந்தேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார்.

“பிள்ளையளையும் வைச்சுக்கொண்டோ ஏறாமல் இருக்கிறாள்?” என்று கேட்டார்.

தன்மானம் என்றேன். அவளைத் திருடி என்று சொன்னவர் அவர். அவர் பரிசலில் ஏறினால் இவ்வளவு நாள் அவள் தாங்கியதெல்லாம் என்ன ஆகும் என்றேன். தன்மானம் சரி, ஆனால் தாகம் பிள்ளைகளுடையது என்றார் அவர். அவளுக்கு மட்டுமான கஷ்டம் என்றால் அவள் எவ்வளவு வேண்டுமானாலும் தாங்கட்டும், தான் ஒன்றும் சொல்லப்போவதில்லை என்றார். இது கதை, இதில் பிள்ளைகள் சாகமாட்டார்கள், அடுத்த அத்தியாயத்தில் வெள்ளம் வடிந்துவிடும் என்றேன்.

“அது உங்களுக்குத் தெரியும். கூரையில இருக்கிற அவளுக்குத் தெரியுமோ?”

எனக்குக் கோபம் வந்தது. இத்தனை மாதமாக அவளைப் படித்து எல்லாரும் பாராட்டுகிறார்கள் என்றேன். தான் எல்லாருக்கும் முன்னாலேயே ஒவ்வொரு அத்தியாயத்தையும் படித்தவர் என்றும், ஒவ்வொரு எழுத்தாகக் கீறியவர் என்றும், ஆறாவது அத்தியாயத்திலிருந்தே அவளோடு தனக்குச் சண்டை என்றும் சொன்னார். அவள் எதையும் செய்வதில்லையாம். எல்லாம் அவளுக்கு நடக்கிறதாம், அவள் முகத்தை மட்டும் நேராக வைத்துக்கொள்கிறாளாம். பிறகு தாள்களை அடுக்கி எடுத்துக்கொண்டார். உங்களுடைய கதை, நீங்கள் சொன்னபடியே வரும் என்றார். போவதற்கு முன் குக்கரில் பருப்பு வைத்து இறக்கிவிட்டுப் போனார்.

அன்று முழுவதும் மனதுக்குள் அவரோடு வாதாடிக்கொண்டே இருந்தேன். நல்ல நல்ல பதில்கள் எல்லாம் அவர் போன பிறகுதான் வந்தன. கஷ்டத்தில் வளையாதவர்தான் கதாநாயகர், வளைகிறவர்கள் கதையில் மற்றவர்கள். இதுதான் என் வாதத்தின் சாரம். இன்றைக்கும் அது முட்டாள்தனமான வாதம் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அதில் எங்கோ ஒரு ஓட்டை இருந்தது, எனக்கு அது தட்டுப்படவில்லை.

அந்த வாரச் சனிக்கிழமை பெரிய பனிப்புயல். காலையிலிருந்தே ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டடம் தெரியவில்லை. மாவுக்கட்டு இறுகுவது போல இருந்தது. அதற்கு இரண்டு நாள் முன்னாலிருந்தே இறுக்கம் இருந்தது. குளிருக்கு என்று நினைத்துக்கொண்டேன். மதியம் பார்த்தபோது விரல்கள் தடித்து, நகத்தடி கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது. ஊசியால் குத்திப் பார்த்தேன். சுண்டுவிரலில் ஒன்றும் தெரியவில்லை.

கீழ் மாடியில் இருந்த அந்த ஸ்டென்சில் தோழிக்குப் போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது; சனிக்கிழமைகளில் அவருக்கு மேலதிக வேலை இருக்கும். ஆம்புலன்ஸைக் கூப்பிடும் அளவுக்கு என்ன ஆகிவிட்டது என்று தோன்றியது. திங்கட்கிழமை வரை பார்க்கலாம் என்று சோபாவில் படுத்து, கையைத் தலையணை மேல் உயர்த்தி வைத்துக்கொண்டேன். என்னால் முடியும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். வலி அதிகமாகிக்கொண்டே போனாலும் திங்கட்கிழமை வரை நான் வாயைத் திறக்காமல் படுத்திருப்பேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அப்படிப் படுத்திருந்தபோதுதான் அந்த ஓட்டை எனக்குத் தெரிந்தது. எனக்கு நன்றாக வருகிற ஒன்றைச் செய்துகொண்டிருப்பதில் என்ன துணிச்சல்? எனக்குப் பயமாக இருந்தது வேறொன்று. எழுந்து போய் எதிர் வீட்டுக் கதவைத் தட்டுவது.

எதிர் வீட்டில் திரினிடாட்டிலிருந்து வந்த ஒரு தம்பதி. ஐம்பது வயது இருக்கும். லிப்டில் பார்த்தால் தலையசைப்போம், அவ்வளவுதான். அவர்கள் வீட்டு மீன் குழம்பு வாசனை எங்கள் வீட்டுக்கும், எங்கள் தாளிப்பு வாசனை அவர்கள் வீட்டுக்கும் போய்வரும். வராந்தாவில் நின்றேன். என்ன சொல்லித் தொடங்குவது என்று இரண்டு மூன்று வாக்கியங்கள் ஒத்திகை பார்த்தேன். எதுவும் சரியாக இல்லை. பிறகு இடது கையால் தட்டினேன்.

அந்த அம்மாள்தான் திறந்தார். நான் ஒத்திகை பார்த்தது எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கையை நீட்டினேன். பார்த்தார். உள்ளே திரும்பிக் கணவரிடம் கார்ச் சாவி என்றார். என்னை உட்கார வைத்து என் பூட்ஸைப் போட்டுவிட்டார், என் கோட்டு கட்டுக்கு மேல் நுழையாது என்று தன் கணவருடைய பெரிய கோட்டைப் போர்த்திப் பொத்தான் போட்டார். கீழே போனால் கார் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை, பனி மூடியிருந்தது. ஆஸ்பத்திரி பக்கம்தான், நடந்துவிடலாம் என்றார் அவர் கணவர். அவர் முன்னால் பனியை மிதித்து வழி செய்துகொண்டு போனார். அந்த அம்மாள் என் இடது கையைத் தன் கைக்குள் கோத்துக்கொண்டார்.

நான் மயங்கிவிடக்கூடாது என்றோ என்னவோ, வழி முழுவதும் பேச்சுக் கொடுத்தார். என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டார். கதை எழுதுவேன் என்றேன். ஆங்கிலத்தில் ஒருவரிடம் நான் அதைச் சொன்னது அதுவே முதல் தடவை. என்ன கதை என்று கேட்டார். வெள்ளம், கூரை மேல் ஒரு பெண், இரண்டு பிள்ளைகள் என்று சொன்னேன். யாராவது வந்தார்களா என்று கேட்டார். வந்தார்கள், ஆனால் அவள் படகில் ஏறவில்லை என்றேன்.

“அப்படியானால் சின்னக் கதைதான்,” என்றார் அவர்.

அந்தக் குளிரிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் ரம்பத்தால் கட்டை நீளவாக்கில் பிளந்து தளர்த்தினார்கள். இரத்தம் திரும்ப ஓடியபோது விரல்கள் நெருப்பில் வைத்தது போல எரிந்தன. அப்போது மட்டும் அழுதேன், நன்றாகவே அழுதேன். டாக்டர் ஒவ்வொரு விரலையும் அசைக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, இன்று வந்தது நல்லது என்றார். திங்கட்கிழமை வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அந்தத் தம்பதி வெளியே பெஞ்சில் காத்திருந்து என்னைத் திரும்ப வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள்.

மறுநாள் கணவர் போன் செய்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். கோபிப்பார் என்று நினைத்தேன்.

“சாப்பாட்டுக்கு என்ன பண்றே?” என்று மட்டும் கேட்டார்.

வெள்ளிக்கிழமை பஸ் பிடித்து வந்துவிட்டார். குளியல் தொட்டிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு என் தலையை அலசிவிட்டார். கண்ணில் சோப்புப் போய்விட்டது என்று ஒவ்வொரு தடவையும் உடனே சொன்னேன். ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று அவர் கேட்டது அதற்கப்புறம்தான். நான் எழுதிக்கொண்டிருந்த பெண்ணைப் பற்றிச் சொன்னேன். அவளைத் தனக்கும் பிடிக்கும், ஆனால் அவளோடு குடித்தனம் நடத்த முடியாது என்றார்.

அந்தச் சனிக்கிழமை தோழியை வரச் சொல்லி, அத்தியாயத்தின் முடிவை மாற்றப்போகிறேன் என்றேன். இவ்வளவு சண்டை போட்டவர் சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவருக்கு எரிச்சல் வந்துவிட்டது. முழுவதையும் ஸ்டென்சிலில் கீறி முடித்தாயிற்று, ஒரு பிழை இல்லாமல் வந்திருக்கிறது, கடைசி இரண்டு தாள்தான் தன் வாழ்நாளிலேயே மிகச் சுத்தமாகக் கீறிய தாள் என்றார். ஏறாமல் இருந்தாலும் பரவாயில்லை, வாசகர்கள் அழுவார்கள், விடுங்கள் என்றார். இப்போது நான் அவருடைய கட்சியையும் அவர் என் கட்சியையும் பேசிக்கொண்டிருந்தோம். அடுப்படியில் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்த என் கணவர் கரண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைசியில் அவர் கையோடு கொண்டுவந்திருந்த அந்த இரண்டு தாளையும் மடித்துக் குப்பையில் போட்டார். “சரி, சொல்லுங்கோ,” என்றார்.

சொன்னேன். பரிசல் வருகிறது. பண்ணையார் ஏறு என்கிறார். அவள் முதலில் பிள்ளைகளை இறக்குகிறாள். பிறகு தானும் இறங்கி நடுவில் உட்கார்ந்துகொள்கிறாள். அவள் கெஞ்சுவாள் என்று அவர் காத்திருக்கிறார், அவள் கெஞ்சவில்லை. கிழக்கே இன்னும் மூன்று வீட்டு ஜனங்கள் கூரை மேல் இருக்கிறார்கள், அங்கே விடுங்கள் என்கிறாள். அந்தப் பக்கம் இழுப்பு அதிகம், போக முடியாது என்கிறார் அவர். தினமும் விடியலில் பால் கொண்டுபோய் அந்த ஊரின் ஒவ்வொரு சந்தும் அவள் காலுக்குத் தெரியும். தண்ணீருக்கு அடியில் எங்கே மேடு, எங்கே வாய்க்கால், எங்கே கிணறு என்று அவளால் சொல்ல முடியும். புளியமரத்தை இடது பக்கம் விட்டுப் போங்கள் என்கிறாள். கழி பிடிக்கிற ஆள் பண்ணையாரைப் பார்க்கிறான், பிறகு அவளைப் பார்க்கிறான், புளியமரத்தை இடது பக்கம் விட்டுத் தள்ளுகிறான்.

தோழி நிமிராமல் எழுதிக்கொண்டே வந்தார். அந்த இடத்தில் நிறுத்தினார். அவள் பண்ணையாருக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும் என்றார். முடியாது என்றேன். தேங்காய் விஷயம் தீரவில்லை. வெள்ளம் வந்ததால் அவர் நல்லவர் ஆகிவிட முடியாது. பரிசலில் ஏறியதால் அவள் அதை மறந்துவிட்டாள் என்று ஆகாது. ஏற்றிக்கொண்டவருக்கு நன்றி சொல்லாதது மரியாதை இல்லை என்று அவர் பிடிவாதமாக இருந்தார். அரை மணி நேரம் அதிலேயே போனது. முடிவில் ஒரே ஒரு வாக்கியத்துக்கு ஒப்புக்கொண்டேன். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டதற்கு நன்றி, மற்றதை மழை விட்டதும் பேசிக்கொள்ளலாம் என்கிறாள் அவள். அந்த வாக்கியம் தோழியுடையதா என்னுடையதா என்று இன்றைக்கும் எங்களுக்குள் தீராத வழக்கு. ஆனால் அந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த வாக்கியம் அதுதான்.

சித்திரைப் பிறப்புக்குத் தேவாலய நிலவறையில் கூடியபோது எனக்கு நல்ல விசாரணை நடந்தது. பத்திரிகை அதற்குள் எல்லார் கைக்கும் போயிருந்தது. வடைத் தட்டோடு என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். அவளைப் பரிசலில் ஏற்றி அவள் கதையையே கவிழ்த்துவிட்டேன் என்றார், எல்லாரும் அண்ணை என்று கூப்பிடும் ஒருவர். கொழும்பில் வங்கியில் இருந்தவர், நிறையப் படிப்பவர், நான் மதித்தவர். இதுவரை அவள் மலை மாதிரி இருந்தாள், இப்போது சாதாரணப் பெண் ஆகிவிட்டாள் என்றார். அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

மலைக்குக் கஷ்டம் இல்லை, அதனால் அதற்கு வீரமும் தேவையில்லை என்றேன். மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவளுக்குப் பழக்கம், பழகியதைச் செய்ததற்கு நான் அவளை இத்தனை மாதம் மெச்சிக்கொண்டிருந்தேன் என்றேன். தன்னைத் திருடி என்று சொன்ன மனிதருக்கு எதிரே, முழங்காலோடு முழங்கால் இடிக்க, ஒரு சின்னப் பரிசலில் உட்கார்ந்துகொண்டு, தலையும் குனியாமல், அடுத்த வீட்டுக் கூரையை மறக்காமல் இருப்பதுதான் அவள் அதுவரை செய்யாதது. பயந்த ஒன்றை அவள் அன்றைக்குத்தான் செய்தாள் என்றேன். அண்ணை ஒத்துக்கொள்ளவில்லை. ஏறாமல் இருந்திருந்தால் அவளைத் தன்னால் காலமெல்லாம் நினைவில் வைத்திருக்க முடியும் என்றார்.

கூட்டங்களில் வாயே திறக்காத என் தோழி பாயசம் ஊற்றிக்கொண்டிருந்த இடத்திலிருந்து திரும்பினார்.

“அண்ணை, நீங்கள் ரெண்டு நாள் கூரையில இருந்து பாத்திட்டு வந்து சொல்லுங்கோ.”

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணையும் சிரித்தார். ஆனால் அடுத்த மாதமும் அவர்தான் முதல் ஆளாகக் கதையைப் படித்துவிட்டு எனக்குப் போன் செய்தார். தேங்காய் விஷயத்தை அவள் எப்போது கேட்கப்போகிறாள் என்று தெரிந்துகொள்ள வேண்டுமாம். இதற்கு முன் அவள் இனி என்ன செய்வாள் என்று என்னை யாரும் கேட்டதில்லை. அவளுக்கு இனி என்ன வரும் என்றுதான் கேட்டிருக்கிறார்கள். அந்த வித்தியாசத்தைப் போனை வைத்த பிறகுதான் கவனித்தேன். அன்று மாலை அடுத்த அத்தியாயத்தை ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அவள் ஊர்க் கூட்டத்தைத் தானே கூட்டச் சொல்லி, தன் பெயரைத் துடைத்துக்கொள்கிற அத்தியாயம் அது.

கோடையில் மணிக்கட்டு முழுவதும் சரியாயிற்று. கட்டு அவிழ்ந்த பிறகும் கடைசி அத்தியாயங்களைச் சொல்லித்தான் எழுதினேன். எதிரே ஒருவர் பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பார் என்ற நினைப்பு இருந்தால் பொய்யான வாக்கியம் வாயில் வராது. தோழி தொழிற்சாலையிலிருந்து வந்து, தன் கணவருக்குச் சோறு போட்டுவிட்டு மேலே ஏறி வருவார். சில நாள் எதிர் வீட்டு அம்மாளும் மீன் குழம்போடு வந்து உட்காருவார். ஒரு வார்த்தை புரியாமல், நாங்கள் சண்டை போடுவதை மட்டும் ரசித்துப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அதற்கு அடுத்த வருடம் தோழியின் கணவருக்கு எட்மன்டனில் வேலை கிடைத்தது. அவர்கள் போன பிறகு அந்தக் கையெழுத்துக்கு ஈடு யாரும் இல்லாமல் பத்திரிகை சில இதழ்களோடு நின்றுபோனது. அந்தக் கதை பிறகு சென்னையில் புத்தகமாக வந்தது. அதன் பின் நான் எழுதிய நாவல்களில் நோயாளிகள், வேலை போனவர்கள், சிறைக்குப் போனவர்கள் எல்லாரும் உண்டு. அவர்களில் யாரையும் எவ்வளவு தாங்குகிறார்கள் என்று நான் அளந்து பார்த்ததில்லை. அவர்களுக்கு எது நன்றாக வருமோ அதைத் தாண்டி ஓர் அடி வைக்கிறார்களா, தங்கள் வலிக்கு நடுவில் பக்கத்துக் கூரையைப் பார்க்கிறார்களா என்றுதான் பார்க்கிறேன். வைத்துவிட்டால் அவர்கள் தோற்றாலும் எனக்குக் கவலையில்லை, அவர்கள் நாயகர்கள்தான். இதில் எனக்குச் சந்தேகம் வந்ததில்லை.

ஒவ்வொரு புத்தகமும் வெளிவந்ததும் முதல் பிரதியை எட்மன்டனுக்கு அனுப்புவேன். படித்து முடித்த அன்றே போன் வரும். சுகம் விசாரிப்பதெல்லாம் கிடையாது. பக்க எண்ணையும் அதில் வரும் ஆளையும் சொல்லி, உதில உவர் ஏன் அப்படிப் பேசாமல் நிண்டவர் என்று தொடங்கிவிடுவார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவேன்.